ஸ்பிட்ஃபயர் மார்க் 3: பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றிய பிறகு வண்டி தூக்கி நிற்கிறது

மந்தைவெளிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா விட்டுச்சென்ற 1968ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரை இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சீர்செய்து வருகிறேன். 1296 சிசி எஞ்சின், பிரேக், மின்கம்பிகள் எல்லாம் முடிந்து, மிச்சம் இருந்தது பின்பக்க சஸ்பென்ஷன் மட்டுமே. பழைய பட்டை ஸ்பிரிங் மிகவும் அமர்ந்துபோய், பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, பாரம் தாங்காத மாடு பின்னங்கால்களை அகட்டி நிற்பதுபோல் வண்டி நின்றது. ஷாக் அப்சார்பர் இரண்டும் வெளியே எண்ணெய் கக்கியிருந்தன.

இங்கிலாந்திலிருந்து புது ஸ்பிரிங்கையும் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரையும் வரவழைத்தேன். வீட்டில் தனியாகச் செய்யத் துணிவில்லாததால் எங்கள் பகுதியில் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்தேன். வண்டியின் சேஸிஸை ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டார்கள். நான் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரப் பகுதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டுகளையும் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினார்கள். அது சரியா தவறா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. பின்பக்கம் மிகவும் உயர்ந்து, சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே குறுகி, வண்டி நுனிக்காலில் நிற்பதுபோல் தெரிகிறது. ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை முன்பு 29 செ.மீ. இருந்தது, நேற்று அளந்தபோது 35 செ.மீ. காட்டியது. ஏறத்தாழ 200 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வேகத்தடைகளில் இறங்கும்போதெல்லாம் இடதுபக்கப் பின்புறத்தில் 'டக்' என்று ஓர் அடி கேட்டது. நேற்று ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தால், இடது ஷாக் அப்சார்பரின் கீழ்ப்புற ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை) ஓரத்தில் கிழிந்திருக்கிறது. புத்தம் புதிய ரப்பர் இரண்டே வாரத்தில் கிழிவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பட்டறையில் கேட்டால், ஒரு பட்டையை உருவி எடுத்துவிட்டால் உயரம் குறைந்துவிடும் என்கிறார்கள். அவ்வாறு செய்யலாமா? புஷ் கிழிந்ததற்குக் காரணம் என்ன? இந்த வேலையை வீட்டுப் போர்ட்டிகோவிலேயே மறுபடி செய்ய வேண்டுமானால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சோழவரம் பழைய ஆள் எழுதியது:

நண்பரே, தயவுசெய்து எந்தப் பட்டையையும் உருவ விடாதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி: அந்த 35 செ.மீ. அளவை எப்போது எடுத்தீர்கள்? புஷ்ஷைப் பார்ப்பதற்காக ஜாக்கியில் தூக்கி, இறக்கி, உடனே அங்கேயே அளந்தீர்கள் என்றால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் வண்டியின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில் வகையைச் சேர்ந்தது. எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிலையாக இருக்கிறது. அதன் இருபுறமும் ஒவ்வொரு யூனிவர்சல் ஜாயிண்ட் (மடங்கியபடியே சுழலும் இணைப்பு) மட்டுமே இருப்பதால், அரை ஆக்ஸிலும் சக்கரமும் ஒரே கையாக, பறவையின் சிறகுபோல மேலும் கீழும் ஆடுகின்றன. வண்டியைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கி, அதன் அடி உள்நோக்கி வருகிறது. இறக்கும்போது சக்கரத்தின் அடி வெளிநோக்கி நகர்ந்தாக வேண்டும். ஆனால் டயர் சிமெண்டுத் தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் பக்கவாட்டில் நகராது. ஆகவே வண்டி பாதியிலேயே தூக்கி நின்றுவிடுகிறது. ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்படித்தான் நிற்கும். வண்டியைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை கையால் அமுக்கி விட்டு, அதன் பிறகு அளந்து பாருங்கள். இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு பின்சக்கரத்தின் கீழும் இரண்டு தகரத் துண்டுகளை, இடையில் கிரீஸ் தடவி, வைத்து இறக்குங்கள். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மீது வழுக்கிச் செல்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் புஷ் கிழிந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்பிரிங்கின் கண்ணிலும் (முனையில் உள்ள வளையம்) ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்கள் பேரிங்போல் சுழல்வதற்கு உரியவை அல்ல. போல்ட்டை இறுக்கியதும் உள்ளே இருக்கும் இரும்புக்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன் பிறகு நடக்கும் அசைவு முழுவதும் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் நடக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலையே இயல்பான நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே அது ஒரு பக்கமாக முழுவதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் கொஞ்சம் முறுக்கும், கடைசியில் கிழியும். அந்த முறுக்கமே வண்டியைச் சற்று மேலே பிடித்து நிறுத்தவும் செய்யும். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது, இருக்கைகளில் இருவர் அமர்ந்த பாரத்தோடு, கடைசி இறுக்கத்தைக் கொடுப்பதே முறை. ஆட்கள் கிடைக்காவிட்டால் இருக்கைக்கு மூன்று 25 கிலோ அரிசி மூட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பட்டையை உருவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க் 3 வரை வந்த வண்டிகளில் குறுக்காக அமைந்த இந்த ஒரே ஸ்பிரிங், டிஃபரன்ஷியலின் மேல் முழுவதுமாக இறுக்கப்பட்டிருக்கிறது. வண்டியைத் தாங்குவதும் வளைவில் அது சாய்வதைக் கட்டுப்படுத்துவதும் இதே ஸ்பிரிங்தான். ஒரு பட்டையை எடுத்தால் உயரம் மட்டும் குறையாது, இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்து மாறிவிடும். 1970இல் வந்த மார்க் 4 வண்டியில் ஒரு பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை ஆடும்படி விட்டார்கள் என்றால், வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும் குணத்தைத் தணிப்பதற்காக, கணக்குப் போட்டுச் செய்த மாற்றம் அது. பட்டறையில் உத்தேசமாக ஒரு பட்டையை உருவுவதையும் அதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. எல்லாம் சரிசெய்த பிறகும் உயரம் அதிகமாகவே இருந்தால், டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஒரு கட்டை வைத்து, நீளமான ஸ்டட்டுகள் (தலையில்லாத மரைக்கம்பிகள்) போட்டு வண்டியை இறக்கும் முறை இருக்கிறது. ஸ்பிரிங் மேலே போனால் வண்டி கீழே வரும். ஆனால் அது பிறகு யோசிக்க வேண்டியது.

மந்தைவெளிக்காரன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனேதான் அளந்தேன். இன்று காலை தெருவில் நாலு வீடு தூரம் உருட்டிச் சென்று திரும்பி வந்து அளந்தபோது 32 செ.மீ. காட்டியது. ஒரே உருட்டலில் 3 செ.மீ. இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், காற்று இறங்கிவிட்டதோ என்று டயரைத் தட்டிப் பார்த்தார். ஆனால் சக்கரங்களின் அடி இன்னும் சற்று உள்ளேதான் இருக்கிறது. எல்லா புஷ்களையும் தளர்த்தி மறுபடி இறுக்கப்போகிறேன். கிழிந்த புஷ்ஷுக்காக இடது ஷாக் அப்சார்பரை எப்படியும் கழற்ற வேண்டும். கழற்றும் முறையை யாராவது விளக்க முடியுமா?

அம்பத்தூர் பட்டறை எழுதியது:

நான் இந்த வகை வண்டிகளில் வேலை செய்பவன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வண்டியில் ஷாக் அப்சார்பர் வெறும் ஆட்டத்தைத் தணிக்கும் பொருள் மட்டுமன்று; சக்கரம் கீழே எவ்வளவு தொங்கலாம் என்பதற்கு எல்லை போடுவதும் அதுதான். வண்டி ஸ்டாண்டின் மேல் இருக்கும்போதும் ஸ்பிரிங்கில் விசை மிச்சம் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது ஷாக் அப்சார்பர். அதன் கீழ் போல்ட்டை அப்படியே உருவினால் சக்கரப் பகுதி முழுவதும் சடாரென்று கீழே அடிக்கும். அங்கே கை இருந்தால் கை போகும்; யூனிவர்சல் ஜாயிண்ட் தாங்கக்கூடிய கோணத்தையும் தாண்டி மடங்கும்; பிரேக் ஹோஸ் இழுபடும். ஆகவே சேஸிஸை உறுதியான இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தியபின், சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க்கின் அடியில் இன்னொரு ஜாக்கியை மரக்கட்டையோடு வைத்து, ஷாக் அப்சார்பரின் போல்ட் விரலால் சுழற்றும் அளவுக்கு இலகுவாகும்வரை மெதுவாக உயர்த்துங்கள். அந்த இலகுவான இடத்தில்தான் போல்ட்டை உருவ வேண்டும். உருவிய பிறகு ஜாக்கியை அங்கேயே விட்டுவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள்.

ஷாக் அப்சார்பரைக் கையில் எடுத்ததும், பழையதையும் புதியதையும் முழுவதும் நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணிலிருந்து கண்ணுக்கு நீளத்தை அளந்து பாருங்கள். நீங்கள் சொன்ன அந்த 'டக்' சத்தம் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. புதியது நீட்டத்தில் குட்டையாக இருந்தால், வேகத்தடையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அது தன் எல்லையில் போய் அடிக்கும், ரப்பரும் கிழியும். நீளமாக இருந்தால் சத்தம் வராது, ஆனால் அதைவிடத் தீமை: சக்கரம் அளவுக்கு மேல் தொங்கும், வளைவில் உள்ளே மடங்குவதும் அதிகமாகும்.

புதிதாகப் பூட்டுவதற்கு முன் இன்னொன்றையும் செய்யுங்கள். பெட்டியில் படுக்கவைத்தே வந்த ஷாக் அப்சார்பருக்குள் காற்று உள்குழாய்க்குப் போயிருக்கும். வண்டியில் எப்படி நிற்குமோ அப்படி நிமிர்த்திப் பிடித்து, முழுவதும் இழுத்து முழுவதும் அமுக்குங்கள். முதல் இரண்டு மூன்று முறை நடுவில் ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் கை வழுக்கிப் போகும். அந்த வெற்றிடம் மறைந்து, மேலும் கீழும் ஒரே கனமாக, தேன் பானையில் கரண்டியை ஓட்டுவதுபோல் வரும்வரை செய்யுங்கள். பிறகு படுக்கவைக்காமல் உடனே பூட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் பூட்டிவிட்டு ஷாக் அப்சார்பர் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பேனர் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இந்த வண்டியில் இருப்பது இஞ்ச் அளவு. 9/16 இஞ்ச் என்பது 14.29 மி.மீ.; 14ஆம் எண் ஸ்பேனர் அதில் நுழையாது, 15ஆம் எண் ஸ்பேனர் ஆடி ஆடி நட்டின் மூலைகளை வழித்துவிடும். உங்கள் வீடு கடலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை என்பதால், ஸ்பிரிங் கண்ணில் இருக்கும் போல்ட் புஷ்ஷின் இரும்புக்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருந்திருக்கலாம். பழையதை எப்படிக் கழற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய சுத்தியலால் அடித்திருந்தால் வெர்டிகல் லிங்க்கில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்ப்பது நல்லது. புதிய போல்ட்டின் உடல்பகுதியில் மெல்லிதாகச் செப்பு கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். அந்த வாழ்த்து பெரும்பாலும் உங்களுக்கேதான் வந்து சேரும்.

ரப்பர் புஷ் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போவதாக இருந்தால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகக்குறி பதிந்து உடனே மறையும். அழுத்திய இடம் பொடியாக உதிர்ந்தால் வாங்காதீர்கள்.

பெருங்களத்தூர் ஹெரால்டு எழுதியது:

இந்த உரையாடலைப் படித்ததும் எங்கள் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. உங்கள் ஸ்பிட்ஃபயரின் அடிப்படை ஹெரால்டுதான். அதன் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே சஸ்பென்ஷனை வைத்து, 1962இல் கொண்டுவந்த வண்டி அது. இரண்டின் உடலையும் வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி. ஹெரால்டை 1961 முதல் இதே சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் செய்துவந்ததால், குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் குணம் தெரிந்த கைகள் இந்த ஊரில் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தன. பஞ்சர் ஒட்டிச் சக்கரம் மாட்டி இறக்கியதும் வண்டி காலைக் குறுக்கி நிற்கும். அப்பா ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலடி போய் நாலடி வருவார். அது காலை அகட்டி அமர்ந்த பிறகுதான் எங்களை ஏறச் சொல்வார். அந்தப் பழக்கத்துக்கு இருந்த காரணத்தை இன்றுதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். 1972இல் அதே நிறுவனம் கொண்டுவந்த கேசல் காரில் பின்பக்கம் ஒரே கட்டை ஆக்ஸிலாக மாறியபின் இந்தத் தொல்லை போய்விட்டது.

இதைச் சொல்ல வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. ஹெரால்டு நால்வர் அமரும் வண்டி, ஸ்பிட்ஃபயர் இருவருக்கானது. ஆகவே இரண்டின் ஸ்பிரிங்குகளும் ஒரே இடத்தில் பொருந்தினாலும் ஒன்றல்ல. உங்களுக்கு அனுப்பியவர்கள் தவறுதலாக ஹெரால்டு ஸ்பிரிங்கைக் கொடுத்துவிட்டார்களா என்று பட்டைகளின் எண்ணிக்கையையும் கனத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதை இரும்புக்கடைக்குப் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள விரிப்பைத் தூக்கினால் ஒரு தகர மூடி இருக்கும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கை டிஃபரன்ஷியலோடு பிணைக்கும் நட்டுகளைப் பார்க்கலாம். அந்த ஸ்டட்டுகளின் வழியாக எண்ணெய் கசிந்து மேலே ஏறுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்டட்டைப் போடும்போது மரையில் சீலண்ட் தடவ மறந்தால் எங்கள் வண்டியில் கசிந்தது.

மந்தைவெளிக்காரன் எழுதியது:

வேலை முடிந்துவிட்டது, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய ஸ்பிரிங் மொட்டைமாடியில் இருந்தது. பட்டைகளின் எண்ணிக்கையும் கனமும் புதியதோடு ஒத்துப்போகின்றன, ஆகவே ஸ்பிரிங் சரியானதுதான். ஷாக் அப்சார்பர்களை நீட்டி அளந்ததில் புதியவை இரண்டும் ஒரே நீளம். பழையவற்றைவிட 4 மி.மீ. மட்டுமே குறைவு. அந்த வேறுபாடு காரணமாக இருக்க முடியாது என்று எண்ணுகிறேன். இடது ஷாக் அப்சார்பரை நிமிர்த்தி அமுக்கியபோது, நீங்கள் சொன்னது போலவே நடுவில் ஓரிடத்தில் கை சட்டென்று வழுக்கியது; ஆறாவது முறைக்குப் பிறகே சீரானது. வலதையும் கழற்றி அப்படியே செய்தேன்.

வெர்டிகல் லிங்க்கின் அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தியபோது, போல்ட்டை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் அது தானாகவே இலகுவாகி, விரலோடு வந்துவிட்டது. ஸ்பிரிங் கண்ணில் இருந்த நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தியதும், உள்ளே ரப்பர் 'கிறீச்' என்று முனகித் தன் முறுக்கை விட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. வெளி விளிம்பில் நான் சுண்ணக்கட்டியால் போட்டிருந்த கோடு, பூட்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டது. அத்தனை முறுக்கத்தைத் தாங்கிக்கொண்டுதான் அந்தப் புஷ் 200 கி.மீ. ஓடியிருக்கிறது.

புதிய புஷ் போட்டு, எல்லா நட்டுகளையும் விரலிறுக்கத்தில் விட்டு, சக்கரங்களை மாட்டி, தகரத் துண்டுகளின் மேல் இறக்கினேன். பிறகு இருக்கைகளில் அரிசி மூட்டைகளை ஏற்றி, அருகில் உள்ள ஒரு பழைய சர்வீஸ் நிலையத்தின் குழியின் மேல் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி நின்று, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கினேன். வீட்டிலிருந்து குழிவரை தளர்ந்த நட்டுகளோடு நடைவேகத்திலேயே, முன்னால் ஒருவர் வழிவிட, போய்ச் சேர்ந்தேன். அது நல்ல யோசனை அல்ல. அடுத்த முறை நான்கு சக்கரங்களின் கீழும் கனமான பலகைகளை அடுக்கி வீட்டிலேயே செய்வேன்.

இப்போது பாரம் இல்லாமல் 30.5 செ.மீ., பாரத்தோடு 29.5 செ.மீ. சக்கரங்கள் நேராக நிற்கின்றன. நேற்று மாமல்லபுரம்வரை போய் வந்தேன். அந்த 'டக்' சத்தம் இல்லை.

அம்பத்தூர் பட்டறை எழுதியது:

நல்ல செய்தி. புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சற்று அமரும். 500 கி.மீ. ஆனதும் அதே பாரத்தோடு, உருட்டிய பிறகு, இருபுறமும் அளந்து எழுதி வையுங்கள். நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். இடதும் வலதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் இங்கே சொல்லுங்கள்.